இரவில் திறந்த வால்வு

உயிர்க்காற்று – தொடர் 11

தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு முன்கதை தெரியும். 1942-ல் பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெரி, குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் லென்ஸுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு திசு படர்வதைப் பதிவு செய்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் அப்படிப் பார்வை இழந்தார்கள். குற்றவாளி, இன்குபேட்டருக்குள் தாராளமாகத் திறந்துவிடப்பட்ட ஆக்சிஜன். போதும்.

இந்த வாரம் பெற்றோர் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குத் தயாராகும்போது வாஷிங்டன் மருத்துவமனை ஒன்றின் இரவுப் பணி நர்ஸுகள் குறுக்கே வந்து நின்றார்கள். அவர்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தீவிரமாக நோயுற்ற குழந்தைக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்வதில் உள்ள சங்கடம் முழுவதும் அந்த நர்ஸுகளின் கையில் இருந்தது.

வருடம் 1951. இடம், அமெரிக்கத் தலைநகரில் இருந்த கேலிங்கர் முனிசிபல் மருத்துவமனை. ஆர்னல் பாட்ஸ் அங்கே பயிற்சியில் இருந்த கண் மருத்துவர், முப்பதைத் தொட்ட வயது. குறைமாதக் குழந்தைகள் வார்டில் வாரக்கணக்கில் ஆக்சிஜனிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் கண் கெடுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவர் வகுத்த திட்டம் எளிமையானது. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வழக்கப்படி 65 முதல் 70 சதவீத ஆக்சிஜன், பல வாரங்களுக்கு. இன்னொரு பிரிவுக்கு 40 சதவீதத்துக்குள், அதுவும் மூச்சுத் திணறும்போது மட்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசின் ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச்.சிடம் பணம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஆக்சிஜனைக் குறைத்தால் குழந்தைகள் செத்துப்போகும், மூளை கெட்டுப்போகும், இது தர்மமே இல்லை என்பது பரிசீலித்தவர்களின் எண்ணம். பாட்ஸ் தன் சகோதரரிடம் கைமாற்று வாங்கி ஆய்வைத் தொடங்கினார்.

ஆய்வு பகலில் ஒழுங்காக நடந்தது. இரவில், குறைந்த ஆக்சிஜன் பிரிவில் இருந்த சில குழந்தைகளின் வால்வை நர்ஸுகள் ரகசியமாகத் திறந்துவிட்டார்கள்.

இந்த ஒரு வரியை வாசித்ததிலிருந்து எனக்கு வேறு சிந்தனை இல்லை. அந்த வார்டை மனதில் நிறுத்திப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தின் எடையில் ஒரு உயிர். தோல் மெல்லிசு, நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கி மூச்சு விடுகிறது. நாலைந்து மூச்சு விட்டதும் சட்டென்று நின்றுவிடுகிறது. ஐந்து நொடி, எட்டு நொடி. உதட்டோரம் நீலம் பாய்கிறது. பல்ஸ் ஆக்சிமீட்டர் கிடையாது. அது வார்டுக்குள் வர இன்னும் முப்பது வருடம் ஆகும். நர்ஸுக்கு இருக்கும் ஒரே கருவி அவருடைய கண். கைக்கெட்டும் தூரத்தில் சிலிண்டர். வால்வை அரைச் சுற்றுத் திருகினால் நீலம் மறைந்து ரோஜா நிறம் வருகிறது. மூச்சு சீராகிறது. அதைத் தினமும் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். குறைமாதக் குழந்தையின் விட்டு விட்டு வரும் மூச்சை ஆக்சிஜன் சீராக்குகிறது என்று மருத்துவ இதழ்களே எழுதியிருந்த காலம் அது.

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் திறந்திருப்பேன். பெற்ற தாய் அங்கே இருந்திருந்தால் அவளும் திறந்திருப்பாள்.

அந்தக் கை செய்த தீங்கு அந்த வார்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. நன்மை ஒரே நிமிடத்தில் கண்ணெதிரே தெரிகிறது. தீமை இரண்டு மூன்று மாதம் கழித்து, வேறொரு கட்டடத்தில், கண் மருத்துவரின் அறையில் தெரிகிறது. குழந்தை விளக்கைப் பார்த்துத் திரும்பவில்லை என்று தாய் தூக்கிக்கொண்டு வருவாள். அந்த நேரத்தில் வால்வைத் திருகிய நர்ஸ் அடுத்த குழந்தையின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன் கருணைக்கும் அந்தக் கண்ணுக்கும் தொடர்பு உண்டென்று அவருக்கு யாரும் சொல்லமாட்டார்கள். சொல்வதற்கு அப்போது யாருக்கும் தெரியாது. சிகிச்சையின் பலன் உடனே தெரிந்து, கேடு தாமதமாக வரும் இடங்களில் எல்லாம் மருத்துவம் இந்தக் குழிக்குள்தான் விழுந்திருக்கிறது.

ஏன் தாமதம்? விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கருவின் நான்காம் மாதம் வாக்கில் நடுவிலிருந்து புறப்பட்டு, ஓரத்தை நோக்கி மெல்ல வளர்கின்றன. பத்து மாதம் நிறையும் சமயத்தில்தான் கடைசி ஓரத்தைத் தொடுகின்றன. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது. கருப்பைக்குள் ஆக்சிஜன் குறைவு. அந்தக் குறைவுதான் குழாய்களை வளரத் தூண்டுகிறது. வெளியே வந்த பிள்ளைக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால், போதும் என்று வளர்ச்சி நின்றுவிடுகிறது. இருக்கும் நுண்குழாய்களும் சுருங்கி அடைத்துக்கொள்கின்றன. வாரங்கள் போகப் போக வளரும் விழித்திரை பட்டினியில் தவித்து, அவசர அவசரமாகப் புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அவை தாறுமாறாக வளர்ந்து, கசிந்து, தழும்பாகி, விழித்திரையையே பிய்த்து இழுக்கின்றன. முதல் பாதியை 1953 வாக்கில் லண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளின் கண்ணில் நேராகவே காட்டினார்.

வால்வுகள் ரகசியமாகத் திறந்த பின்னும் பாட்ஸின் கணக்கு தெளிவாகவே வந்தது. அதிக ஆக்சிஜன் பெற்றவர்களில் நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் கடுமையாக முற்றியது. குறைவாகப் பெற்ற பிரிவில் அப்படி ஒருவர்கூட இல்லை. 1956-ல் அவருக்கு லாஸ்கர் விருது; 2004-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம்.

இதே வேளையில் உலகின் மறுகோடியில், மெல்போர்னில், கேட் கேம்பெல் என்ற குழந்தைகள் மருத்துவர் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். மூன்று மருத்துவமனைகளின் குழந்தைகளை அவர் ஒப்பிட்டார். ஆக்சிஜன் தாராளமாக ஓடிய இடத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு குழந்தைக்கு நோய். செலவு கருதிச் சிக்கனமாகக் கொடுத்த இடங்களில் நூற்றுக்கு ஏழு. பிரிட்டனிலும் இதே கதை. 1948-ல் தேசிய மருத்துவச் சேவை வந்து, ஆக்சிஜன் கருவிகள் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் அங்கே இந்த நோய் பரவியது. பர்மிங்ஹாமில் மேரி கிராஸ் அதைக் கவனித்துச் சொன்னார். வசதியான மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்குத்தான் ஆபத்து கூடுதல் என்பது மருத்துவர்களுக்கு ஜீரணிக்க முடியாத செய்தியாக இருந்தது.

நல்லெண்ணம் எப்படிக் கண்ணை மறைக்கும் என்பதற்கு நியூயார்க்கிலிருந்து இன்னொரு சம்பவம். அங்கே பேபீஸ் மருத்துவமனையில் வில்லியம் சில்வர்மன் என்ற குழந்தைகள் மருத்துவர். மருத்துவமனைப் பேராசிரியர் ஒருவரின் மனைவிக்குப் பலமுறை கரு கலைந்த பிறகு ஒரு குறைமாதக் குழந்தை பிறந்தது. அதன் கண்ணில் நோய் தொடங்கியது. அப்போது புதிதாக வந்திருந்த ஏ.சி.டி.எச். ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். கண் தேறியது. நிறுத்தினார்கள், மோசமானது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி தேறியது. குழந்தை பார்வையோடு வீட்டுக்குப் போனது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அடுத்து 31 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 25 பேருக்குப் பார்வை நன்றாக இருந்தது. அதே ஊரில் ஹார்மோன் கொடுக்காத லிங்கன் மருத்துவமனையில் நோய் வந்த ஏழு பேரில் ஆறு பேர் பார்வை இழந்தார்கள். மருந்து கிடைத்துவிட்டது என்று ஊரே நம்பியிருக்கும்.

சில்வர்மன் நம்பி நின்றுவிடவில்லை. இரண்டு மருத்துவமனைகளுக்கும் நடுவே வேறு ஆயிரம் வித்தியாசங்கள் இருக்கலாமே என்று யோசித்தார். யாருக்கு ஹார்மோன், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து ஆய்வை நடத்தினார்கள். ஹார்மோன் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பார்வை போனது. பெறாதவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான். ஹார்மோன் பெற்ற பிரிவில் சாவும் கூடுதல். தொடக்க நிலையில் இந்த நோய் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. தானாகத் தேறிய கண்களுக்கு மருந்து பெயர் வாங்கியிருக்கிறது. அந்தக் குலுக்கல் நடந்திருக்காவிட்டால் குழந்தைகளின் நோய் எதிர்ப்பைக் குலைக்கும் ஒரு மருந்தை உலகம் முழுக்க அன்போடு கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

பிள்ளைகளின் உயிரை வைத்துக் குலுக்கலா என்று இந்தத் தொடரின் வாசகர்கள் சிலர் கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். எது நல்லது என்று தெரிந்த பிறகு குலுக்கினால் அது பாவம். தெரியாதபோது, ஒவ்வொரு மருத்துவரும் தன் மனதுக்குப் பட்டதைக் கொடுப்பதும் குலுக்கல்தான். அந்தக் குலுக்கலுக்குக் கணக்கு கிடையாது, அதிலிருந்து அடுத்த பிள்ளைக்கு எந்தப் பாடமும் கிடைக்காது. இதுதான் வித்தியாசம்.

ஆக்சிஜன் வழக்கின் பெரிய விசாரணை 1953 ஜூலையில் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகளில் தொடங்கியது. எவரெட் கின்ஸி ஒருங்கிணைத்தார். 786 குழந்தைகள். கூடியவரை குறைந்த பேரை ஆபத்தில் நிறுத்த வேண்டும் என்று, மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மட்டும், அதுவும் முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும், வழக்கமான அதிக ஆக்சிஜன் கொடுத்தார்கள். மற்ற எல்லோருக்கும் கட்டுப்பாடு. 1954 செப்டம்பரில் முடிவு வெளியானது. அதிக ஆக்சிஜனில் கண்ணில் தழும்பு விழுந்தவர்கள் நூற்றுக்கு 23. கட்டுப்படுத்தப்பட்டவர்களில் சுமார் 7. அந்தச் செய்தி எட்டிய இடமெல்லாம் வால்வுகள் மூடப்பட்டன. 40 சதவீதத்தைத் தாண்டாதே என்பது வேதவாக்கானது. பார்வையிழப்பு மளமளவென்று குறைந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்தத் தொடரையே எழுதியிருக்கமாட்டேன்.

அந்த ஆய்வில் ஒரு விதி இருந்தது. பிறந்து 48 மணி நேரம் தாண்டிய குழந்தைகளை மட்டுமே கணக்கில் சேர்த்தார்கள். குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலான சாவுகள் நிகழ்வதே அந்த முதல் இரண்டு நாளில்தான். நுரையீரல் முதிராமல் மூச்சுக்குப் போராடும் நேரம் அது. ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் நேரமும் அதுதான். அந்த நேரத்தில் ஆக்சிஜனைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வு கேட்கவே இல்லை. ஆனால் அதன் தீர்ப்பு முதல் மணி நேரத்திலிருந்தே அமலுக்கு வந்தது. 1960-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் மேரி எலன் ஏவரியும் எலா ஓப்பன்ஹைமரும் நுரையீரல் நோயால் சாகும் குழந்தைகள் கூடியிருப்பதைக் காட்டினார்கள். 1973-ல் லண்டனைச் சேர்ந்த கென்னத் கிராஸ் பழைய புள்ளிவிவரங்களை வைத்து ஒரு மதிப்பீடு செய்தார். காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 குழந்தைகள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள் என்றது அது.

ஒரு பார்வைக்குப் பதினாறு உயிர். பார்வை இழந்த குழந்தை வளர்ந்தது, பள்ளிக்குப் போனது, கண்முன் நின்றது, அதனால் எண்ணினார்கள். முதல் நாளிலேயே இறந்த குழந்தையைக் குறைப்பிரசவம், பிழைக்கவில்லை என்று சொல்லிப் புதைத்துவிட்டார்கள். அந்தச் சாவைச் சிகிச்சையின் கணக்கில் யாரும் எழுதவில்லை. கேலிங்கர் நர்ஸுகள் பயந்தது வீண் பயம் இல்லை என்று இப்போது சொல்லலாம். அவர்கள் கண்ட ஆபத்தும் நிஜம். பாட்ஸ் கண்ட ஆபத்தும் நிஜம். ஆளுக்கு ஒரு பக்கத்தைப் பார்த்தார்கள். சில்வர்மன் பிற்காலத்தில் இதையே தன் வாழ்நாள் பாடமாக எடுத்துக்கொண்டு 1980-ல் ஒரு புத்தகம் எழுதினார்.

அப்படியானால் எவ்வளவுதான் சரி? அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் வர 2010 ஆனது. அமெரிக்காவில் ‘சப்போர்ட்’ என்ற ஆய்வு. 24 முதல் 27 வாரத்தில் பிறந்த 1,316 குழந்தைகள். ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 85-89 சதவீதம் இருக்கும்படி ஒரு பிரிவு. 91-95 இருக்கும்படி இன்னொன்று. இரண்டுமே அன்றைய வழக்கத்துக்கு உட்பட்ட அளவுகள். குறைந்த பிரிவில், உயிர் பிழைத்த குழந்தைகளில் கடுமையான கண் நோய் 8.6 சதவீதம், உயர்ந்த பிரிவில் 17.9. கண்ணை மட்டும் பார்த்தால் குறைந்த அளவுதான் வெற்றி. ஆனால் மரணம்? குறைந்த பிரிவில் 19.9, உயர்ந்த பிரிவில் 16.2. இதே போன்ற ஐந்து ஆய்வுகளின் கிட்டத்தட்ட 5,000 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வந்த கணக்கும் இதையே உறுதி செய்தது. அதனால்தான் இன்று பெரும்பாலான பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் மானிட்டரின் எச்சரிக்கை மணி 90-க்குக் கீழே போனாலும் அடிக்கிறது, 95-க்கு மேலே போனாலும் அடிக்கிறது. உயிரை முதலில் காப்பாற்று, கண்ணைத் தேடிப் பார்த்துச் சிகிச்சை செய் என்பதே அந்த மணியின் அர்த்தம்.

இந்த ‘சப்போர்ட்’ ஆய்வில்தான் ஒப்புதல் படிவச் சர்ச்சை வெடித்தது. மரணம் வரைக்கும் போகக்கூடிய வித்தியாசத்தைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொன்னார்களா என்று 2013-ல் அமெரிக்க அரசு அலுவலகமே கேள்வி எழுப்பியது. அந்தக் கேள்விக்கு முழு அத்தியாயம் வேண்டும். அடுத்த வாரம் அதைத்தான் எடுக்கிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கண்ணைத் தேடிப் பார் என்ற அந்த இரண்டாம் பாதி இங்கே நடக்கிறதா?

உலகிலேயே அதிகக் குறைமாதக் குழந்தைகள் பிறப்பது இந்தியாவில். 2020-ல் மட்டும் சுமார் 30 லட்சம். சிறிய ஊர்களிலும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்துவிட்டன. உயிர்கள் பிழைக்கின்றன, பெரிய சாதனை. ஆனால் ஆக்சிஜனைக் காற்றோடு கலந்து அளந்து கொடுக்கும் பிளெண்டர் எல்லா இடத்திலும் இல்லை. அதனால் மேலைநாடுகளில் ஒரு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வரும் நோய், இங்கே ஒன்றரைக் கிலோவைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் வருகிறது. ஆர்.ஓ.பி. என்று மருத்துவர்கள் சொல்வது இந்த நோயைத்தான்.

கண் பரிசோதனை நடக்கும் ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்தேன். சொட்டு மருந்து விட்டுக் கண்பாவை விரியக் காத்திருக்கிறார்கள். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, நர்ஸ் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். இமைகளை விரித்து நிறுத்த ஒரு சின்னக் கம்பிக் கருவி. தலையில் விளக்கு மாட்டிய மருத்துவர், கையில் பிடித்த லென்ஸ் வழியே விழித்திரையின் ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே போகிறார். சில நிமிட வேலை. குழந்தை வீறிட்டு அழுகிறது. வெளியே காத்திருந்த பாட்டி மனம் பொறுக்காமல் கேட்டார்: “ஏன் டாக்டரம்மா, புள்ள நல்லா பால் குடிக்குது, எடை ஏறுது, முழிச்சு முழிச்சுப் பாக்குது. கண்ணுல என்ன கோளாறு இருக்கப்போவுது? எதுக்கு இந்த வாதை?” மருத்துவர் சொன்னார்: “பாட்டிம்மா, வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது. வெளியில தெரியும்போது நம்ம கையில ஒண்ணும் இருக்காது.”

பாட்டியின் கண்ணுக்கு எட்டியது குடிக்கும் பாலும் ஏறும் எடையும். கேலிங்கர் நர்ஸுகளுக்கு எட்டியது உதட்டின் நிறம். பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்களுக்கும் உள்ளே நடப்பது தெரியாது. அதைத் தேடிப் பார்க்கத்தான் பரிசோதனை.

சென்னையில் 1996-ல் ஒரு அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. செய்ய வேண்டும் என்று பெற்றோருக்கும் யாரும் சொல்லவில்லை. பார்வை போனது. தந்தை விடாமல் நடத்திய வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஆக்சிஜன் கொடுத்தது தவறு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கொடுத்த பிறகு கண்ணைப் பார்க்காமல் விட்டதுதான் குற்றம். உயிரைக் காக்க ஆபத்தான சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பவர்கள், அந்த ஆபத்து வந்துவிட்டதா என்று தேடிப் பார்க்கும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறார்கள். எனக்கு இந்தத் தொடரில் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான்.

ஆகவே, இதை வாசிப்பவர்கள் வீட்டிலோ தெருவிலோ குறைமாதக் குழந்தை இருந்தால் அந்தத் தாயிடம் இதைச் சொல்லுங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ, பிறந்த எடை இரண்டு கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, 30 நாள் முடிவதற்குள் ஆர்.ஓ.பி. கண் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி எழுதப்படவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒருமுறை பார்த்து ஒன்றுமில்லை என்றாலும், மறுபடி வரச் சொன்ன நாளில் கட்டாயம் போங்கள். நோய் முற்றியிருப்பது தெரிந்தால் லேசர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். அந்த நாட்களுக்குள் போய்ச் சேர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.

(தொடரும்)